எஸ்பிஎம் முடிஞ்சிருச்சு, வீட்டுல காசு இல்ல, எங்க படிக்கறது? அடிக்கடி கேக்கற கேள்விகள்

சிலாங்கூர்ல எங்க ஊருக்கு பெஸ்தாரி ஜெயான்னு போர்டு மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனா நம்ம ஆளுங்களுக்கு இன்னும் இது பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-ல மலேசியாவுலயே முதல் முதலா செம்பனைய வியாபாரத்துக்குன்னு நட்ட தென்னமரம் தோட்டம் இங்கதான் இருக்கு. அப்படி நூறு வருஷமா தோட்டத்துலயே வேலை செஞ்ச குடும்பத்துப் பிள்ளைங்க இன்னைக்கு எஸ்பிஎம், அதாவது ஃபாரம் ஃபைவ் பரீட்சை, ரிசல்ட் சிலிப்ப கையில வச்சிகிட்டு அடுத்து எங்க போறதுன்னு கேக்கறாங்க. கோயில்ல, பசார்ல, வாட்சாப்ல திரும்பத் திரும்ப வர்ற அந்தக் கேள்விங்கள ஒரே இடத்துல எழுதி வைக்கறேன். தேதி, ஃபீஸ், ரூல்ஸ் எல்லாம் வருஷா வருஷம் மாறும், அதனால கடைசி முடிவுக்கு முன்னாடி அந்தந்த போர்ட்டல்ல ஒரு தடவ பார்த்துருங்க.

நான் பார்த்த வரைக்கும், காசு இல்லாம படிப்பு நின்ன பிள்ளைங்கள விட, எப்ப எங்க அப்ளை பண்ணணும்னு தெரியாம தேதிய விட்டுட்டு, அப்புறம் பதறிப்போய் கையில கிடைச்ச பிரைவேட் காலேஜ்ல கடனோட சேர்ந்த பிள்ளைங்கதான் ஜாஸ்தி. கீழ எழுதியிருக்கற பாதி அதுக்காகத்தான்.

அப்பா தோட்டத்துல வேலை, மாசம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) வருது, கீழ இன்னும் ரெண்டு பேர் ஸ்கூல் போறாங்க. உண்மையிலேயே நான் படிக்க முடியுமா?

முடியும். ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க. அரசாங்க பொலிடெக்னிக்ல டிப்ளோமா படிக்க ஒரு செமஸ்டருக்கு ஃபீஸ் 200 வெள்ளி. டிப்ளோமா பொதுவா ஆறு செமஸ்டர், பிராக்டிக்கல் டிரெய்னிங்கும் அதுக்குள்ளயே வந்துரும். ஆறு இருநூறு 1,200. மூணு வருஷப் படிப்போட ஃபீஸ் அப்பாவோட ஒரு மாசச் சம்பளத்த விட கம்மி. இது உதவித்தொகை வாங்கினா மட்டும்னு இல்ல, எல்லாருக்கும் இதுதான் ரேட்.

ஆனா ஃபீஸ் மட்டும் செலவு இல்ல. ஒரு நாளைக்கு 12 வெள்ளிக்கு சாப்பிட்டாலே மாசம் 360 ஆயிருது, ஹாஸ்டல் கிடைக்கலன்னா ரூம் வாடகை, லீவுக்கு வீட்டுக்கு வர்ற பஸ், போன் டேட்டா, பிரிண்டிங், இன்ஜினியரிங்னா ஷூவும் ஒர்க்‌ஷாப் துணியும். அதனால எந்த இடத்தப் பத்தி யோசிச்சாலும் ஃபீஸ் எவ்ளோன்னு கேக்காதீங்க, படிச்சு முடிக்கற வரைக்கும் மொத்தம் எவ்ளோன்னு கேளுங்க. அப்பா அம்மாவோட உக்காந்து ஒரு பழைய நோட்டுல மாசா மாசம் எவ்ளோ வரும்னு எழுதிப் பாருங்க, எழுதினாதான் பயமும் குறையும் ஆசையும் அளவா நிக்கும்.

எது எதெல்லாம் ரொம்ப மலிவு?

முதல்ல அரசாங்கத்தோட வழி எல்லாத்தையும் பார்த்து முடிச்சுட்டுத்தான் பிரைவேட் பக்கம் திரும்பணும், இதுல நான் பிடிவாதமா இருப்பேன்.

ஆறாம் படிவம், அதாவது எஸ்டிபிஎம், ஒண்ணரை வருஷம், ஸ்கூல் மாதிரியே, வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம்னா செலவே தெரியாது. மெட்ரிகுலேஷன் ஒரு வருஷம், ஹாஸ்டலோட, அலவன்ஸும் குடுக்கறாங்க, சிலாங்கூர்ல இருக்கறது பந்திங்ல. பல்கலைக்கழகங்கள்ல அசாசி, அதாவது ஃபவுண்டேஷன், இருக்கு, அதுவும் ஒரு வருஷம்தான். பொலிடெக்னிக்குக்கு நமக்கு பக்கம்னா சபாக் பெர்ணம் மாவட்டத்துல இருக்கற சுல்தான் இட்ரிஸ் ஷா, ஷா ஆலம்ல இருக்கற சுல்தான் சலாஹுடின், இந்தப் பக்கம் பேராக் எல்லைய தாண்டினா பேராங்ல சுல்தான் அஸ்லான் ஷா. ஈப்போவுல இருக்கற உங்கு ஓமார்தான் நாட்டோட முதல் பொலிடெக்னிக், 1969-ல ஆரம்பிச்சது. கொலேஜ் கொமுனிட்டி, அதாவது சமூகக் கல்லூரி, கிரெடிட் (எஸ்பிஎம்ல சி-யும் அதுக்கு மேலயும்) குறைவா இருக்கற பிள்ளைங்களுக்கு நல்ல வாசல், சர்ட்டிஃபிகேட்ல ஆரம்பிச்சு அங்கிருந்து டிப்ளோமாவுக்கு ஏறலாம்.

கையால வேலை செய்யறதுல ஆசை இருக்கற பிள்ளைங்களுக்கு மனிதவள அமைச்சோட தொழிற்பயிற்சி நிலையங்க ஐஎல்பி, அட்டெக் இருக்கு. வெல்டிங், ஏர்கோண்ட், எலக்ட்ரிகல், மெக்கட்ரோனிக்ஸ், இந்த மாதிரி. எஸ்கேஎம்ங்கற மலேசியத் திறன் சர்ட்டிஃபிகேட் லெவல் 1, 2, 3, அப்புறம் டிப்ளோமான்னு படிப்படியா போகும். இதப் படிச்சவன ‘படிப்பு வரல அதான் அங்க போனான்’னு பேசற பழக்கத்த நாம விடணும், நல்ல வெல்டருக்கும் சார்ஜ்மேனுக்கும் கிடைக்கற சம்பளத்த கேட்டுப் பார்த்தா தெரியும்.

டீச்சர் ஆகணும்னா ஐபிஜி, ஆசிரியர் பயிற்சிக் கழகம். எஸ்பிஎம்ல குறைஞ்சது 5 பாடத்துல ஏ வேணும், இண்டர்வியூ இருக்கு, படிக்கறப்பவே அலவன்ஸ் வருது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆக ஆசைப்படற பிள்ளை எஸ்பிஎம்ல தமிழ் எடுத்திருக்கணும், இத ஃபாரம் ஃபோர்லயே யோசிக்க வேண்டிய விஷயம். ‘தமிழ் எடுத்தா மார்க் குறையும், விட்டுரு’ன்னு யாராவது சொன்னா இந்த வாசலையும் சேர்த்து மூடறாங்கன்னு புரிஞ்சுக்குங்க.

எல்லாத்துக்கும் யுபியுல போட்டா போதுமா?

போதாது, இங்கதான் நம்ம பிள்ளைங்க நிறைய பேர் கோட்ட விடறாங்க. யுபியுங்கறது அரசாங்கப் பல்கலைக்கழகம், பொலிடெக்னிக், கொலேஜ் கொமுனிட்டி இதுக்கெல்லாம் ஒரே வாசல். மெட்ரிகுலேஷனுக்கு தனி அப்ளிகேஷன். ஐபிஜிக்கு தனி. நர்ஸிங் மாதிரி சுகாதார அமைச்சோட காலேஜுக்கு எஸ்பிஏ, அதாவது பொதுச் சேவை ஆணையம், மூலமா தனி. ஐஎல்பி, அட்டெக், மத்த தொழிற்பயிற்சிக்கு யுபி டிவெட்னு இன்னொரு போர்ட்டல். ஆறாம் படிவத்துக்கு தகுதி இருந்தா ஆஃபர் அதுவா வரும், ஆனா ஆன்லைன்ல போய் எந்த ஸ்கூல்னு செக் பண்ணணும், ஸ்கூல் மாத்தணும்னா அதுக்கும் ஒரு தேதி.

எல்லாத்துலயும் போடுங்க. ஒண்ணுல போட்டா இன்னொண்ணு கிடைக்காதுங்கறது பொய். கிடைச்சப்புறம் எது வேணும்னு முடிவு பண்ணிக்கலாம். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சிலது திறந்துரும், ரிசல்ட் வரட்டும் அப்புறம் பார்க்கலாம்னு உக்காந்திருந்தா பாதி வாசல் மூடியிருக்கும்.

யுபியு பாரம் போடறப்ப என்ன கவனிக்கணும்?

எஸ்பிஎம் பிள்ளைங்க 12 படிப்பு வரைக்கும் வரிசை போட்டு எழுதலாம். மெரிட் கணக்குல 90 சதவீதம் மார்க், 10 சதவீதம் கோ-கரிகுலம். ஸ்கூல்ல சிலம்பம், காடெட், கவிதைப் போட்டின்னு சேர்ந்ததுக்கெல்லாம் இங்கதான் வேலை, சர்ட்டிஃபிகேட்ட தூக்கிப் போட்டுறாதீங்க.

நிறைய பேர் பன்னெண்டுலயும் பெரிய பேரா எழுதிடுவாங்க, ஒண்ணு கூட கிடைக்காது. மேல ஆசைப்பட்டது நாலு, நடுவுல கிடைக்க வாய்ப்பு இருக்கறது, கடைசில நிச்சயமா கிடைக்கும்னு தோணறது, அதுல ரெண்டு பொலிடெக்னிக்காவது இருக்கட்டும். ஒவ்வொரு படிப்புக்கும் என்னென்ன பாடத்துல கிரெடிட் வேணும்னு போட்டிருப்பாங்க, அத முழுசா படிங்க. கலர் பிளைண்ட் இருந்தா எடுக்க முடியாத படிப்பு இருக்கு, இண்டர்வியூ இருக்கற படிப்பு இருக்கு.

போன் நம்பர் விஷயத்த தனியா சொல்லணும். பிரீபெய்ட் சிம் டோப்அப் பண்ணாம செத்துப்போய், இண்டர்வியூ மெசேஜ் வந்ததே தெரியாம போன பிள்ளைங்க இருக்காங்க. யுபியுல குடுத்த நம்பரும் ஈமெயிலும் ஒரு வருஷத்துக்கு மாறவே கூடாது, பாஸ்வேர்ட எழுதி வீட்டுல வைங்க. சைபர் கேஃபேகாரரு ஈமெயில்ல அப்ளை பண்ணாதீங்க. தோட்டத்துல லைன் சரியில்லன்னா டவுன் லைப்ரரி, இல்லன்னா ஸ்கூல் கவுன்சலிங் டீச்சர் ரூம், ஸ்கூல விட்டு வந்தாச்சுன்னு கூச்சப்படாம போய் கேளுங்க, அவங்க வேலையே அதுதான்.

கிடைக்கலன்னா அப்பீல் இருக்கு. அப்பீலுக்கும் நாள் கம்மி, ரிசல்ட் பார்த்த அன்னைக்கே அடுத்த தேதிய குறிச்சு வைங்க.

ஆறாம் படிவம் ரொம்ப கஷ்டமாமே? ஃபிரெண்ட்ஸ் யாரும் போகல.

கஷ்டம்தான், மறைக்க விரும்பல. ஆனா காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு டிகிரிக்கு போற வழிகள்ல இத மாதிரி செலவு குறைஞ்சது இன்னொண்ணு கிடையாது, அதனாலதான் யார் கேட்டாலும் முதல்ல இதச் சொல்றேன். மூணு செமஸ்டரா பிரிச்சு பரீட்சை வைக்கறாங்க, ஒரு செமஸ்டர்ல சறுக்கினா திரும்ப எழுதி ஏத்திக்கற வசதியும் இருக்கு, பழைய காலம் மாதிரி எல்லாத்தையும் கடைசில ஒரே மூச்சுல எழுத வேண்டியதில்ல. பொது அறிவுப் பாடம் ‘பெங்காஜியான் ஆம்’ கட்டாயம், அதோட பொதுவா மூணு பாடம். ஆர்ட்ஸ்ல தமிழும் எடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறை 1956-ல இருந்து இருக்கு, தஞ்சோங் மாலிம்ல இருக்கற உப்சி பல்கலைக்கழகத்துல தமிழ்க் கல்வி படிக்கலாம், எஸ்டிபிஎம்ல நல்லா வந்த பிள்ளைங்களுக்கு அது நேர் வழி.

மூஎட் (MUET) பரீட்சைய மட்டும் கடைசி நேரத்துக்கு தள்ளாதீங்க. அந்த இங்கிலீஷ் பரீட்சை இல்லாம பல்கலைக்கழகம் இல்ல, நம்ம பிள்ளைங்க எல்லா பாடமும் தூக்கிட்டு இங்கதான் மாட்டிக்கறாங்க.

மெட்ரிகுலேஷன் நம்மளுக்கு கிடைக்குமா?

இடம் பெரும்பாலும் பூமிபுத்ராவுக்கு, அதாவது மலாய்க்காரங்களுக்கும் பூர்வகுடிங்களுக்கும், 90க்கு 10ங்கற கணக்கு எல்லாருக்கும் தெரியும். 2024-ல, 10 ஏ-வும் அதுக்கு மேலயும் எடுத்தவங்களுக்கு இனம் பார்க்காம இடம் உண்டுன்னு அரசாங்கம் அறிவிச்சுது. ஏ மைனஸ் அந்தக் கணக்குல சேருமா சேராதாங்கறது அதுக்கப்புறம் மாறியிருக்கு, நீங்க அப்ளை பண்ற வருஷத்து அறிவிப்ப பாருங்க. 10 ஏ இல்லன்னாலும் போடுங்க. போட்டு வச்சுட்டு ஆறாம் படிவத்துக்கு போய் உக்காந்துருங்க, வந்தா மாறிக்கலாம்.

பக்கத்துல புஞ்சாக் ஆலம்ல யுஐடிஎம் இருக்கே, அங்க சேரலாமா?

அது பூமிபுத்ராவுக்கு மட்டும்.

வீட்டுக்கே ஆள் வந்தாங்க, ஃப்ரீ லேப்டாப், ஃப்ரீ ஹாஸ்டல், ஒரு காசும் கட்ட வேணாம்னு சொல்றாங்க. கையெழுத்து போடலாமா?

அன்னைக்கே போடாதீங்க. வந்தவர் நம்ம ஆளாவே இருந்தாலும், தூரத்துச் சொந்தமாவே இருந்தாலும், ஒரு வாரம் டைம் கேளுங்க. டைம் குடுக்க மாட்டேன், இன்னைக்கு கடைசி நாள்னு சொன்னா அதுவே பதில்.

எப்ப வர்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? எஸ்பிஎம் ரிசல்ட் வந்ததுக்கும் யுபியு ரிசல்ட் வர்றதுக்கும் நடுவுல. பிள்ளை வீட்டுல சும்மா இருக்கும், பக்கத்து வீட்டுல என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, அம்மாவுக்கு மனசு அடிச்சுக்கும், அந்த நேரம் ஒருத்தர் கோட் போட்டுகிட்டு கலர் புத்தகத்தோட வந்து எல்லாம் நான் பார்த்துக்கறேன்னு சொன்னா யாருக்குத்தான் நிம்மதியா இருக்காது. அந்த நிம்மதிக்கு விலை இருபதாயிரம், முப்பதாயிரம் கடன். ஒரு காசும் கட்ட வேணாம்னா என்ன அர்த்தம்னா பிடிபிடிஎன், அதாவது அரசாங்கத்தோட உயர்கல்விக் கடன், அத உங்க பிள்ளை பேருல எடுத்து காலேஜுக்கு கட்டுவாங்க. லேப்டாப் காசும் அந்த ஃபீஸுக்குள்ளதான் இருக்கு.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் பொலிடெக்னிக்குக்கும் ஏஜெண்டே தேவை கிடையாது. காசு வாங்கிட்டு யுபியுல இடம் வாங்கித் தர்றேன்னு எவன் சொன்னாலும் வாசல்லயே அனுப்பிருங்க.

சரி, பிரைவேட் காலேஜ் நல்லதாவும் இருக்கலாம், அதையும் மறுக்கல. அப்படி யோசிச்சா வந்தவர்கிட்ட இதக் கேளுங்க, வாயால இல்ல, பேப்பர்ல: படிச்சு முடிக்கற வரைக்கும் மொத்த ஃபீஸ் எவ்ளோ, பரீட்சை ஃபீஸ், ரெஜிஸ்ட்ரேஷன், லேப் எல்லாம் சேர்த்து. கடன் எவ்ளோ வரும், மிச்சம் எவ்ளோ கையில இருந்து கட்டணும், எந்த மாசம். ஹாஸ்டல் ஃப்ரீ எத்தன செமஸ்டருக்கு. முதல் மாசத்துலயே வேணாம்னு வந்தா கட்டின காசு திரும்ப வருமா. அப்புறம் அந்தப் படிப்பு எம்கியுஏவுல இருக்கா. ஒரிஜினல் எஸ்பிஎம் சர்ட்டிஃபிகேட்ட யார்கிட்டயும் குடுத்து வைக்காதீங்க, காட்டலாம், காப்பி குடுக்கலாம், அவ்ளோதான்.

எம்கியுஏன்னா என்ன, எப்படி பார்க்கறது?

நாட்டுல இருக்கற எல்லா உயர்கல்வி படிப்புக்கும் தரம் பார்த்து அங்கீகாரம் குடுக்கற அரசாங்க அமைப்பு. அவங்களோட எம்கியுஆர்ங்கற பதிவேட்ட யார் வேணா ஆன்லைன்ல பார்க்கலாம். காலேஜ் பேர் இருந்தா மட்டும் போதாது, நீங்க எடுக்கப் போற அந்தப் படிப்போட பேர், அந்தக் கிளையோட பேர் இருக்கணும். புதுப் படிப்புக்கு முதல்ல தற்காலிக அங்கீகாரம் குடுப்பாங்க, அப்புறம்தான் முழு அங்கீகாரம். முழுசா கிடைச்ச படிப்பாவே தேடுங்க. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் கிடையாது, அரசாங்க வேலையும் கஷ்டம்.

இன்னொண்ணு, குறைஞ்சபட்ச தகுதி: டிப்ளோமாவுக்கு பொதுவா 3 கிரெடிட், ஃபவுண்டேஷனுக்கு 5 கிரெடிட். ஒரு கிரெடிட் வச்சிருக்கற பிள்ளைய நேரா டிப்ளோமாவுல சேர்க்கறேன்னு ஒருத்தர் சொன்னா அங்க ஏதோ சரியில்ல.

பிரைவேட்லயே செலவு கம்மியா எங்க?

லாபத்துக்கு நடத்தாத ரெண்டு இருக்கு. ஒண்ணு டிஏஆர் யுஎம்டி, 1969-ல துங்கு அப்துல் ரஹ்மான் காலேஜா ஆரம்பிச்சது, 2022-ல பல்கலைக்கழகம் ஆச்சு, செத்தாபாக்ல மெயின் கேம்பஸ், பினாங், கம்பார், சிகாமட், குவாந்தான், சபான்னு கிளைங்க. இன்னொண்ணு 2002-ல வந்த யுடிஏஆர், கம்பார்லயும் சுங்கை லோங்லயும். சீனவங்க காலேஜ்தானே நம்மள சேர்ப்பாங்களான்னு கேக்கறாங்க, தாராளமா சேர்ப்பாங்க, நம்ம பிள்ளைங்க நிறைய பேர் படிக்கறாங்க, மத்த பிரைவேட்டோட ஒப்பிட்டா ஃபீஸ் குறைவு, எஸ்பிஎம் மார்க்குக்கு ஸ்காலர்ஷிப்பும் குடுக்கறாங்க.

நம்ம டவுன்லயே யுனிசெல் கேம்பஸ் இருக்கு, சிலாங்கூர் மாநிலத்தோடது. அரசாங்கப் பல்கலைக்கழகம்னு சிலர் நினைக்கறாங்க, இல்ல, ஃபீஸ் பிரைவேட் கணக்குலதான் வரும். ஆனா வீட்டுல இருந்தே மோட்டார்ல போயிட்டு வர்ற பிள்ளைக்கு வாடகையும் சாப்பாடும் மிச்சம், அந்த மிச்சத்த வச்சு மொத்தக் கணக்கு போட்டுப் பாருங்க, சில படிப்புக்கு சரியா வரும், சிலதுக்கு வராது.

கெடா பெடோங்ல இருக்கற எய்ம்ஸ்ட் மஇகாவோட எம்ஐஇடி ஆரம்பிச்சது, நம்ம சமுதாயத்துப் பல்கலைக்கழகம்தான். ஆனா மெடிசின் மாதிரி படிப்புக்கு அங்கயும் லட்சக்கணக்குல ஆகும். உதவி இருக்கா, எவ்ளோங்கறத எழுத்துல வாங்கிட்டு முடிவு பண்ணுங்க.

பிடிபிடிஎன் எடுக்கலாமா? கடன்னாலே அப்பா வேணாங்கறாரு.

அப்பா பயப்படறது நியாயம், கடன் கடன்தான். ஆனா எல்லாக் கடனும் ஒண்ணு இல்ல. பிடிபிடிஎன் 1997-ல இருந்து இருக்கு, வருஷத்துக்கு 1 சதவீதம் உஜ்ரா, சேவைக் கட்டணம் மட்டும். படிப்பு முடிச்சு 12 மாசம் கழிச்சு கட்ட ஆரம்பிக்கணும். குறைஞ்ச வருமானக் குடும்பம், எஸ்திஆர்னு அரசாங்கம் குடுக்கற உதவிக் காசு வாங்கற குடும்பம்னா அதிகபட்சத் தொகை கிடைக்கும். டிகிரியில முதல் வகுப்புல பாஸ் பண்ணினா திருப்பிக் கட்டறதுல இருந்து விலக்கு கேக்கலாம், இந்த ஒரு விஷயத்தயே பிள்ளை முதல் நாள்ல இருந்து மனசுல வச்சுக்கணும்.

எங்க எடுக்கறோம்ங்கறதுதான் விஷயம். பொலிடெக்னிக்லயும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துலயும் ஃபீஸ் கட்டினது போக மிச்சம் உங்க கைக்கு வரும், அதுல சாப்பிடலாம், அளவா எடுத்தா கடனும் சின்னது. பிரைவேட்ல மொத்தமும் ஃபீஸுக்கே போயிட்டு இன்னும் பத்தாது, சாப்பாட்டுக்கு வீட்டுல இருந்துதான் வரணும், மூணாவது செமஸ்டர்ல பாக்கி கட்டலன்னு பரீட்சை எழுத விட மாட்டாங்க, பிள்ளை பாதியில நிக்கும், படிப்பும் இல்ல, கடன் மட்டும் அப்படியே இருக்கும். இத நான் நம்ம பக்கத்துலயே நிறைய பார்த்துட்டேன், அதனாலதான் இவ்ளோ அழுத்தி எழுதறேன்.

சிஜிபிஏ, அதாவது மொத்த செமஸ்டர் மார்க்கோட சராசரி, 2.00க்கு கீழ போனா பிடிபிடிஎன் காசு நிக்கும். ஃபவுண்டேஷனுக்கு பிடிபிடிஎன் குடுக்கறது இல்ல, அதனால பிரைவேட்ல ஃபவுண்டேஷன் எடுத்தா அந்த ஒரு வருஷம் முழுசா கையில இருந்து போகும், இத ஏஜெண்டுங்க கடைசிலதான் சொல்வாங்க. கட்டாம விட்டா பேங்குங்க கடன் விவரம் பார்க்கற சிசிரிஸ் பதிவுல பேர் ஏறும், பின்னாடி வீடு வாங்க, காடி வாங்க பேங்க்ல மாட்டும். மாசம் கொஞ்சமா கட்ட முடியும்னு அவங்ககிட்ட போய் பேசினா குறைச்சுத் தருவாங்க, ஓடி ஒளியறதுதான் தப்பு.

கடன் இல்லாம வேற உதவி என்ன இருக்கு?

இருக்கு, ஒரே இடத்துல பெருசா கிடைக்காது, அங்கங்க கேட்டு சேர்க்கணும்.

தாத்தா பாட்டி பெட்டியில பழைய பேப்பர் இருந்தா தேடிப் பாருங்க. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துன் சம்பந்தன் 1960-ல ஆரம்பிச்சது, தோட்டங்கள துண்டு போட்டு வித்துகிட்டிருந்த காலத்துல தொழிலாளிங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து தோட்டத்தயே வாங்கினாங்க. மெம்பர் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு அவங்க கல்வி உதவி குடுக்கறாங்க. நிறைய வீட்டுல தாத்தா மெம்பர்னே பேரனுக்கு தெரியாது.

அப்பா தோட்டத் தொழிலாளர் சங்கத்துல மெம்பரா இருந்தா அங்க கேளுங்க. தோட்டக் கம்பெனிங்க சிலதுல தொழிலாளர் பிள்ளைங்களுக்குன்னு உதவித்தொகை உண்டு, ஆபீஸ்ல கிராணிகிட்ட கேளுங்க. சிலாங்கூர்ல தோட்டத் தொழிலாளர் பிள்ளைங்களுக்குன்னே மாநில அரசாங்கம் கல்வி நிதி வச்சிருக்கு, சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துல விசாரிங்க. அப்பா இந்தத் தோட்டத்துலதான் வேலை செய்யறாருன்னு ஆபீஸ்ல ஒரு லெட்டர் இப்பவே வாங்கி நாலு காப்பி எடுத்து வைங்க, எல்லா எடத்துலயும் அதத்தான் கேப்பாங்க. இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவு மித்ரா மூலமா பி40, அதாவது குறைஞ்ச வருமானக் குடும்பத்து, இந்திய மாணவர்களுக்கு உதவி குடுத்திருக்காங்க, ஒவ்வொரு வருஷமும் திட்டம் மாறும், திறக்கறப்ப சட்டுனு போடணும். எம்ஐஇடி குடுக்கறது கடன், ஆனா அதுவும் ஒரு வழி.

அப்பாவோ அம்மாவோ வேலையில விபத்துல இறந்திருந்தா, இல்ல தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு பெர்கேசோல பென்சன் ஈலாட், அதாவது உடம்பு முடியாம வேலை செய்ய முடியாதவங்களுக்கான பென்சன், வாங்கிட்டிருந்தா, பிள்ளைங்க படிப்புக்கு பெர்கேசோவே கடன் உதவி பண்ணுது. தகுதி இருந்தும் கேக்காம விட்ட குடும்பங்க நிறைய.

தொழிலாளர் சேமநிதி ஈபிஎஃப்ல அக்கவுண்ட் 2, 2024 மே மாசத்துல இருந்து அக்கவுன் செஜாதெரான்னு பேர் மாறிடுச்சு, அதுல இருந்து பிள்ளைங்க படிப்புக்கு அப்பா அம்மா எடுக்கலாம். ஆனா தோட்டத்துல வேலை செஞ்சவருக்கு வயசான காலத்துல அந்தக் காசு ஒண்ணுதான், லயத்து வீடு கூட சொந்தம் இல்ல. மத்த வழி எல்லாம் பார்த்துட்டு கடைசியா அதத் தொடுங்க.

ரொம்ப நல்ல ரிசல்ட் உள்ள பிள்ளைங்க ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை), பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா, யாயாசான் சைம் டார்பி, யாயாசான் தெனாகா எல்லா ஸ்காலர்ஷிப்புக்கும் போடணும். தோட்டத்துப் பிள்ளைக்கு எங்க குடுப்பாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. குடும்ப வருமானம் குறைவுன்னா சிலதுல அதுக்கே முன்னுரிமை இருக்கு.

நர்ஸிங் படிக்கணும்னு மகள் ஆசைப்படறா. பிரைவேட் காலேஜ்ல உடனே இடம் தர்றாங்க.

முதல்ல எஸ்பிஏ மூலமா சுகாதார அமைச்சோட காலேஜுக்கு போடுங்க. படிப்புக்கு காசு இல்ல, அலவன்ஸ் உண்டு. போட்டி ஜாஸ்தி, கிடைக்கலன்னா அடுத்த வருஷமும் போடலாம், நடுவுல ஆறாம் படிவமோ வேற படிப்போ படிக்கலாம். பிரைவேட்னா நர்ஸிங் போர்டு அங்கீகாரம் இருக்கா, பிராக்டிக்கல் எந்த ஆஸ்பத்திரியில, போன வருஷம் முடிச்ச பிள்ளைங்க எங்க வேலை செய்யறாங்க, இத கேட்டு, முடிஞ்சா அங்க படிச்ச ஒரு பொண்ணுகிட்ட பேசிட்டு முடிவு எடுங்க. சில பிரைவேட் ஆஸ்பத்திரியே ஸ்பான்சர் பண்றாங்க, அப்புறம் இத்தன வருஷம் அங்கயே வேலை செய்யணும்னு அக்ரிமெண்ட் இருக்கும், அத படிச்சுப் பார்த்து போடுங்க.

பொம்பளப் பிள்ளைய அவ்ளோ தூரம் அனுப்ப பயமா இருக்கு.

அக்கா, அந்த பயத்த சின்னதா நினைக்கல. ஆனா தூரம்னு சொல்லி பொலிடெக்னிக் ஆஃபர விட்டுட்டு, பக்கத்துல ஃபேக்டரி பஸ்ல ராத்திரி ஷிஃப்டுக்கு அனுப்பறோம், அது எப்படி பாதுகாப்புன்னு யோசிச்சுப் பாருங்க. அரசாங்க ஹாஸ்டல்ல வார்டன் உண்டு, கேட் மூடற நேரம் உண்டு, முதல் செமஸ்டர் பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் இடம் குடுக்கறாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு நீங்களும் கூட போங்க, ரூம பாருங்க, கூட தங்கற பிள்ளையோட அம்மா நம்பர வாங்கிக்குங்க. அங்க இந்திய மாணவர் சங்கம் இருக்கான்னு கேளுங்க, மூத்த பிள்ளைங்க நல்லா பார்த்துப்பாங்க.

எஸ்பிஎம்ல பிஎம் (மலாய்மொழி) போயிடுச்சு. முடிஞ்சதா?

இல்ல. பிஎம்மும் செஜாராவும் (வரலாறு) பாஸ் பண்ணாம சர்ட்டிஃபிகேட்டே கிடையாதுங்கறது உண்மை, ஆனா எஸ்பிஎம் உலாங்கான்ல பிஎம், செஜாரா, கணக்கு இந்த மூணையும் திரும்ப எழுதலாம். ஒரு பாடம்தான், ஒழுங்கா உக்காந்தா தூக்கிரலாம். அது வரைக்கும் சும்மா இருக்காம எஸ்கேஎம் லெவல் 1ல இருந்து ஆரம்பிக்கலாம், அதுக்கு எஸ்பிஎம் பாஸ் தேவையில்ல, எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும். பிரைவேட் பயிற்சி மையத்துல எடுத்தா பிடிபிகேன்னு தனிக் கடன் நிதி இருக்கு. ஸ்கூல பாதியில விட்ட பிள்ளைங்களுக்கு கலும்பாங்ல மைஸ்கில்ஸ் அறவாரியம் ஹாஸ்டலோட தொழிற்பயிற்சி நடத்துது, நம்ம பிள்ளைங்கள புரிஞ்சு நடத்தற இடம், தயங்காம விசாரிங்க.

ஒரு வருஷம் வேலைக்கு போய் காசு சேர்த்துட்டு படிக்கலாமா?

போடாத அப்ளிகேஷனுக்கு சாக்கா இது இருந்தா வேணாம். எல்லாத்துக்கும் போட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வேலைக்கு போறது ரொம்ப நல்லது. ஆனா ஆஃபர் வந்தா வேலைய விடணும்னு வீட்டுல முன்கூட்டியே பேசி வச்சுக்குங்க, மாசச் சம்பளம் வர ஆரம்பிச்சு மோட்டாருக்கு தவணை கட்ட ஆரம்பிச்சா விட மனசு வராது.

ஆஃபர் வந்துருச்சு. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு கையில எவ்ளோ வேணும்?

முதல்ல ஆன்லைன்ல ‘ஏத்துக்கறேன்’னு அமுக்குங்க, அதுக்கும் கடைசி நாள் இருக்கு, ஆஃபர் லெட்டர பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்கிட்ட வச்சுட்டு அமுக்க மறந்தா இடம் போயிரும். அரசாங்கப் பல்கலைக்கழகம்னா ஃபீஸ், ஹாஸ்டல், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து முதல் செமஸ்டருக்கு ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரம் பக்கம் வரும், பொலிடெக்னிக்ல அத விட குறைவு. குறைஞ்ச வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு பிடிபிடிஎன்ல முன்பணம்னு 1,500 வெள்ளி வரைக்கும் குடுக்கறாங்க, அது பின்னாடி உங்க கடன்ல கழியும். அதுக்கு ஆஃபர் கிடைச்ச உடனே பிடிபிடிஎன்னோட சேமிப்புக் கணக்கு எஸ்எஸ்பிஎன் அக்கவுண்ட் திறந்து அப்ளை பண்ணணும், ரெஜிஸ்டர் பண்ற நாள் வரைக்கும் காத்திருந்தா கிடைக்காது.

அப்பவும் பத்தலன்னா பல்கலைக்கழகத்தோட மாணவர் விவகாரப் பிரிவுக்கு ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே போன் பண்ணி நிலைமைய சொல்லுங்க, தவணையில கட்டறேன்னு கேளுங்க, ஐசி காப்பி, சம்பள சிலிப், தோட்ட ஆபீஸ் லெட்டர் மூணையும் ஒரு ஃபைல்ல எடுத்துட்டுப் போங்க. காசு முழுசா இல்லங்கறதுக்காக போகாம மட்டும் இருந்துறாதீங்க, வராத பிள்ளையோட இடத்த அடுத்தவங்களுக்கு குடுத்துருவாங்க, வந்து நிக்கற பிள்ளைக்குத்தான் எதுவும் ஏற்பாடு பண்ண முடியும்.